வழிமொழிந்தவர்: என் மனைவி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை மிக மிகச் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாற்காலிக் கால்களுக்கு மாட்டும் ரப்பர் குமிழ் செய்கிற நம் கம்பெனியில் உங்களுக்கும் பத்து சதவீதப் பங்கு உண்டு என்பது நினைவிருக்கும். பன்னிரண்டு வருஷமாக அதன் கணக்கைத் தணிக்கை செய்தவன் என் தம்பி. தணிக்கை என்றால், நான் போனில் "எல்லாம் சரியா இருக்குடா" என்பேன், அவன் "சரிண்ணே" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவான். போன மாதம் கம்பெனிப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்: இயக்குநரின் உடன்பிறந்தவர் தணிக்கை செய்யக் கூடாது, சம்பந்தமில்லாத ஒருவரை நியமிக்க வேண்டும். நேரிலேயே போய்க் கேட்டேன். "சார், இது பிரைவேட் கம்பெனி. பிரைவேட்னா வெளியாளு எதுக்கு?" கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "பிரைவேட்னா பங்கை ஊருக்கெல்லாம் விக்கக் கூடாதுன்னு அர்த்தம். தப்பை உள்ளேயே வெச்சுக்கலாம்னு இல்ல" என்றார்.

வந்து சேர்ந்தவர் ஒரு பெண்மணி. முப்பது வயதுகூட இருக்காது. காபி வேண்டாம், நாற்காலி வேண்டாம், நேராகக் கிடங்குக்குப் போய், தராசைத் துடைத்து, நூறு குமிழை எண்ணி நிறுத்து, பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வைக்கச் சொன்னார். தூக்கியது யார் என்று கேட்காதீர்கள், இடுப்பில் இன்னும் பட்டை கட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டாவது மூட்டையைப் பிரித்து ஒரு குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல ஓட்டையே இல்லியே?"

"அச்சு தேஞ்சுபோன வருஷம் வார்த்ததும்மா. ஆறு வருஷம் ஆச்சு."

"ஆறு வருஷமா விற்பனைக்குத் தயார்னு எழுதியிருக்கீங்க. எந்த நாற்காலில மாட்டுவீங்க?"

"ஓட்டை போட்டா மாட்டலாம்" என்றேன். அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார், மச்சான்.

அதோடு விட்டாரா? போர்டு கூட்டக் குறிப்புகளைக் கேட்டார். வருஷத்துக்கு நாலு கூட்டமாவது நடக்க வேண்டுமாம். இயக்குநர்கள் நானும் உங்கள் தங்கையும்தான், ஒரே வீடு, தினம் மூன்று வேளையும் கூட்டம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் வேண்டும் என்றார். அன்று மதியமே, ஒரே பேனாவில், நாலு கூட்டத்தையும் தனியாளாக நடத்தி முடித்தேன். ஜூன் பத்து என்று தேதி போட்ட இரண்டாவது கூட்டத்துக்கு எழுத ஒன்றும் தோன்றாமல், "நிர்வாக இயக்குநரின் அயராத உழைப்பையும் தொலைநோக்கையும் போர்டு பாராட்டுகிறது. வழிமொழிந்தவர்: என் மனைவி" என்று எழுதி, காஸ் சிலிண்டர் ரசீது என்று சொல்லி அவளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி வீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், ஜூன் பத்தாம் தேதி போர்டு கூட்டத்துல கலந்துக்கிட்டீங்களா?"

"அன்னைக்கு எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்துல கிடந்தேன். என்ன கூட்டம்?"

அவர் படித்துக் காட்டினார். உங்கள் தங்கை நிதானமாகச் சொன்னாள்: "மயக்கத்துல இருந்தாத்தான் நான் இப்படிச் சொல்லியிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும், "அது சரி, நான் இயக்குநரா?" என்று கேட்டாள். "அது மட்டுமில்ல மேடம், அறுபது சதவீதப் பங்கு உங்க பேர்ல." கம்பெனி தொடங்கும்போது நான் வேறொரு ரப்பர் கம்பெனியில் வேலையில் இருந்ததால், என் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டாமென்று செய்த ஏற்பாடு. அவளிடம் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, பன்னிரண்டு வருஷமாக.

இதற்கு நடுவே ஓர் ஆஸ்பத்திரி, ஐயாயிரம் ஸ்டூலுக்குக் குமிழ் கேட்டிருக்கிறது. தணிக்கை அறிக்கை கொடுத்தால்தான் ஆர்டர், மாதக் கடைசி கெடு. கணக்கில் அவள் கையெழுத்தும் வேண்டுமென்று கெஞ்சினேன். "படிச்சுட்டுப் போடறேன்" என்றாள். மூன்று நாள் படித்தாள். நாலாம் நாள் சமையலறையிலேயே பொதுக்கூட்டம் கூட்டி, நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து என்னை நீக்கித் தன்னை நியமித்துக்கொண்டாள். எதிர்த்து என் முப்பது சதவீதத்தை உயர்த்தினேன். அவள் அறுபதை உயர்த்தினாள், கரண்டியோடு. இனி எனக்குக் கிடங்கில் ஓட்டை சரிபார்க்கும் வேலையாம். என் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையின் திருகாணி அவளுக்குக் கழலவில்லை, நானே எண்ணெய் விட்டுக் கழற்றிக் கொடுத்தேன்.

உங்கள் பத்தும் என் முப்பதும் சேர்ந்தாலும் நாற்பதுதான், தெரியும். ஆனால் நீங்கள் அவளுக்கு அண்ணன். உடனே புறப்பட்டு வந்து நாலு வார்த்தை சொல்லி, என் பதவியை மீட்டுக் கொடுங்கள். அதில்லாமல் நான் எப்படி வெளியில் தலைகாட்டுவேன்?

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. ஆசி கொடுக்கிற அதிகாரம் மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தணிக்கைப் பெண்மணி போன் செய்தார். முறையான முன்னறிவிப்பு இல்லாததால் அந்தக் கூட்டம் செல்லாதாம், நான்தான் இன்னும் நிர்வாக இயக்குநராம்! துள்ளிக் குதித்தேன். அடுத்த மூச்சில், தன்னுடைய நாற்பத்தாறு கேள்விகளுக்கும் நிர்வாக இயக்குநர் ஏழு நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், தவறினால் பொறுப்பு அவருடையதே என்றார். உடனே ராஜினாமாக் கடிதத்தை மூன்று பிரதி எழுதி உங்கள் தங்கையிடம் நீட்டினேன். அவளோ, அந்தக் கேள்விகள் முடியும்வரை தனக்கும் அந்தப் பதவி வேண்டாம் என்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரை முன்மொழிந்திருக்கிறேன். வாழ்த்துகள்.