ரீவைண்ட் அண்ணனும் அமெரிக்க நடிகையும்

காக்ஸ் டவுனிலிருந்து ஆடுகோடிக்குத் தலையில் கேசட் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தோம். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ரீவைண்ட் அண்ணன். குலுங்கினால் கேசட்டுக்குள் இருக்கும் அந்தம்மாவுக்கு ஆகாதாம். பெங்களூரில் வாடிக்கையாளரை விரட்டுவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். அன்று காலை அந்தக் கடையையும் இழுத்து மூடிவிட்டார்.

வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை. பீன்யா தொழிற்பேட்டையில் வேலை போய் நான் சுற்றிக்கொண்டிருந்தபோது சோறு போட்டு, கவுண்டருக்கு அடியில் படுக்க இடமும் தந்தார். எட்டாவதோடு நின்ற எனக்கு, திரும்பி வரும் கேசட்டுகளைப் பின்னோக்கிச் சுற்றி வைக்கும் வேலை. மற்ற கடைகளில் படத்தின் ஆரம்பம்வரை சுற்றுவார்கள். நாங்கள், ஓர் அமெரிக்க நடிகை முதலில் தோன்றும் இடம்வரை மட்டும் சுற்றி நிறுத்துவோம். அண்ணனுக்கு ரீவைண்ட் என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

"படம் பாதியில ஆரம்பிக்குதே" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள்.

"முன்னாடி ஒண்ணும் இல்லம்மா. அவங்க இன்னும் வரல" என்பார் பொறுமையாக.

அந்தம்மா நடித்த வரிசையில்தான் படங்களைத் தருவார். சண்டைப் படம் கேட்டு வந்தவனையும் விடவில்லை.

"அவங்க முதல் படம் பாத்தியா?"

"யாரு குரு அவங்க?"

"அதுல ஓட்டல்ல காப்பி கொண்டாந்து வைப்பாங்க. ரெண்டு நிமிசம். பாத்துட்டு வா, அடுத்தது தரேன்."

"காப்பி எதிர் ஓட்டல்லயே வெப்பாங்களே குரு."

அவன் அப்புறம் வரவில்லை. மெல்ல மெல்ல யாருமே வரவில்லை.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. முகம் போதும் என்பார். பெரிய விருது அந்தம்மாவுக்குக் கிடைக்காமல் போன வருடம், சாவு விழுந்த தெருவில் செய்வதுபோல மூன்று நாள் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார்.

பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படித்துச் சொல்ல ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். ஒருநாள் அவர், "அண்ணா, அவங்க இப்ப டிவி சீரியல்ல நடிக்கறாங்களாம்" என்றார்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நம் ஊரில் கதாநாயகி சீரியலுக்கு வந்தால் மார்க்கெட் போய்விட்டது என்று அர்த்தம்.

"வீட்ல ஏதோ கஷ்டம்" என்றார்.

"அங்கெல்லாம் அப்படி இல்லண்ணா. அதுக்கு விருதே குடுத்திருக்காங்க."

"ஆறுதலுக்குக் குடுத்திருப்பாங்க டீச்சர்."

இரண்டு நாள் சாப்பிடவில்லை. தெரு முழுக்கக் கேபிள் வந்து கடை எப்போதோ செத்திருந்தது. ஆனால் அவர் மூடியது அதற்காக இல்லை.

"அவங்களே அங்க அல்லாடறாங்க. எனக்கு என்னடா கடை" என்றார்.

ஆடுகோடியில் அவருடைய அறைக்குள் மூட்டையை இறக்கினோம். மழைக்காலம். கேசட் நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. இருப்பதில் நல்லதாகப் பார்த்து ஒன்றைப் போட்டார். இரண்டு கோடு தெரிந்தது, முகம் தெரியவில்லை. வீடியோ டெக் நாடாவை விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. வெளியே எடுக்கக்கூட அவர் கை நீட்டவில்லை.

"இனிமே அவங்கள பாக்க முடியாதுடா" என்றார். மாலையில் திடீரென்று கேட்டார்.

"சீரியல்ல அவங்களுக்கு என்ன வேஷம்னு டீச்சர் சொன்னாங்களா?"

"சொல்லலண்ணே."

"டாக்டரு, போலீசுன்னா பரவால்ல. மாமியார்கிட்ட திட்டு வாங்கற மாதிரி இல்லாம இருந்தா சரி."

மறுநாள் காலை, அந்தத் தெருவில் கேபிள் இணைப்பு கொடுப்பவரிடம் போய் வேலை கேட்டேன். எங்கள் கடையைத் தின்ற தொழில்தான்.

"கம்பம் ஏறுவியா?" என்றார்.

ஏறுவேன் என்றேன். அதுவரை ஏறியதில்லை. அந்தம்மா நடிக்கும் சீரியல் இந்த ஊர்க் கேபிளில் வருமா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, முதல் லைனை அண்ணன் அறை ஜன்னலுக்கு இழுத்தேன்.