ஐந்தாவது வேஷக்காரர்

நான்கு பேரின் குட்டு உடைந்துவிட்டது. ஐந்தாவது ஆள்தான் முகத்திரையை எடுப்பதாக இல்லை.

ஹெட்லி பென்னிக்கு இது மானப் பிரச்சினை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு பன்னிரண்டு நாட்களும் நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மூலையில், எங்கள் ஊர் கோப்லர்ஸ் ஆர்மில், வேஷக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். ஆண் பெண் உடுப்பிலும் பெண் ஆண் உடுப்பிலும் புகுந்துகொண்டு, முகத்தில் ஜன்னல் திரையைத் தொங்கவிட்டு, குரல் தெரியக்கூடாதென்று மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசுவார்கள். யாரென்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் திரையை எடுத்து ஒரு மடக்கு ரம் குடிப்பார்கள். சொல்ல முடியாவிட்டால் எடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் அந்தத் திரையில் கை வைக்கவும் கூடாது. வைத்தவன் அந்த வருஷம் முழுக்கத் தலைநிமிர்ந்து கடைக்குப் போக முடியாது.

பதினோரு வருஷமாக ஹெட்லி ஒரு ஆளைக்கூடத் தவறவிட்டதில்லை.

"இவரை நீயே கண்டுபிடி ஹெட்லி, நாங்க அடுத்த வீட்டைப் பாக்கறோம்" என்றாள் கடைக்காரி ப்ரைடி, அக்கார்டியன் வாத்தியத்தை மடக்கியபடி. நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பனியில் இறங்கிப் போனார்கள். சாயங்காலம் நாலரை மணி. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது ஆள் அடுப்போரம் நாற்காலியில் இருந்தார். மீன்பிடிக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், கம்பளிக் கையுறை, முகத்தில் பூப்போட்ட சல்லாத்துணி.

"சிரில்தானே நீ? அந்தத் தோளை எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். எட்றா திரைய!"

ஹெட்லி நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கோவமா? ஏணி விஷயமா? சரி விடு, பனி கரையட்டும், திருப்பிக் குடுத்துடறேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி எஃபி திரும்பினாள். "எந்த ஏணி?"

"கொட்டகையில இருக்கே, அது."

"அது உங்கப்பா ஏணின்னு சொன்னே!"

"அப்பா காலத்து ஏணின்னு சொன்னேன்."

வேஷக்காரர் அசையவில்லை. ஏணிக்குச் சொந்தக்காரன் சிரிலாக இருந்தால் இந்நேரம் குதித்திருப்பான். ஹெட்லி தாடையைச் சொறிந்துகொண்டார்.

"சிரில் இல்ல. மிர்ட்டில்! உக்கார்ற தோரணையே பொம்பளை தோரணை." கொஞ்சம் குனிந்து, குரலைத் தேனாக்கிக்கொண்டார். "மிர்ட்டில், நீ இப்படி உம்முனு இருக்கறதப் பாத்தா பழ விஷயம் தெரிஞ்சுபோச்சுபோல. ஒரே ஒரு தடவதான் உன் பின்னால வந்தேன், சத்தியமா. அந்தச் சதுப்புல அவ்வளவு காச்சிருக்கும்னு யாரு கண்டா?"

எஃபி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மஞ்சள் காட்டுப்பழம் எங்கே காய்க்கிறது என்பதை எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

"ஏ மனுஷா! என் ஜாமுக்கு மொதப் பரிசு குடுத்தாங்களே, அது மிர்ட்டில் பழமா?"

"ஜாம் கிண்டுனது உன் கைதானே எஃபி."

"ரெண்டாம் பரிசு வாங்கினது யாரு தெரியுமில்ல? மிர்ட்டில்! என்னைக் கட்டிப்புடிச்சு வாழ்த்திட்டுப் போனா!"

எஃபிக்கு முகமெல்லாம் எரிந்தது. எப்படியாவது சமாதானப்படுத்தலாமென்று பழக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி, ரம்மும் ஊற்றி, வேஷக்காரர் பக்கத்தில் வைத்தாள். "யாரா இருந்தாலும் சாப்புடு தாயி. இந்த ஆளு பண்ணது எதுவும் எனக்குத் தெரியாது."

வேஷக்காரர் கேக்கைத் தொடவில்லை. குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்த எஃபி புருஷனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஹெட்லி, அரை மணியா அடுப்புக்கிட்ட இருக்கு. பூட்ஸ்ல பனி கரையல."

"குளிரு ஜாஸ்தி."

"மூச்சு விட்டா அந்தத் துணி ஆடணுமில்ல? ஆடல."

"மிர்ட்டில் சின்ன வயசுலேர்ந்தே மூச்சடக்கறதுல கெட்டிக்காரி" என்றார் ஹெட்லி.

வெளிச்சம் போதவில்லை என்று சமையலறை விளக்குகளையெல்லாம் போட்டார். போடாமலேயே இருந்திருக்கலாம். மூக்கும் வாயும் தெரிய வேண்டிய இடத்தில், சல்லாத்துணிக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் அந்தத் தலை முதல் தடவையாக அசைந்தது. மெதுவாக, கழுத்து மட்டும் திரும்பி, கதவோரம் ஆணியில் தொங்கிய பள்ளிப் பேருந்துச் சாவியைப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது.

ஹெட்லியும் சாவியைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லியாண்டர்" என்றார்.

"லியாண்டரா?" எஃபிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! நாளைக்குக் காலையில ஆல்பர்ட்டா போறானில்ல, சொல்லிட்டுப் போக வந்திருக்கான்."

இருபத்தாறு வருஷம் அந்தப் பேருந்தை ஓட்டியவன் லியாண்டர். அக்டோபரில் ஒரு விடியற்காலை, வண்டி கல்லறைத் தோட்டத்து வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே நின்றது. இருக்கையெல்லாம் ரத்தம், தரையில் ரம் பாட்டில். நான் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை என்று லியாண்டர் எவ்வளவோ சொன்னான். பள்ளிக் கமிட்டி நம்பவில்லை. வேலை ஹெட்லிக்கு வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் லியாண்டர் நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில், ஏதோ தொழிலாளர் முகாமில் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நான்தான் லியாண்டர்" என்றார் ஹெட்லி. "மூஸ் மான் ஒண்ணு சுட்டேன். வெட்டிக் கூறு போட்டும் என் வண்டி கொள்ளல. சாவிய நீ பஸ்ஸுலயே விட்டுருவே, எல்லாருக்கும் தெரியும். ஏத்திக்கிட்டு வர்றப்ப ரோட்டுல ஐஸு. கறிய மட்டும் நாலஞ்சு நடையா சுமந்துக்கிட்டு ஓடியாந்துட்டேன், என் பாட்டிலை எடுக்க மறந்துட்டேன். மறுநாள் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். மறுநாள் வேலைய எனக்குத் தர்றேன்னுட்டாங்க."

ஹெட்லி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் மேல எனக்கு இரக்கம் இல்லாம இல்ல. அந்தக் கறியில உனக்கும் ஒரு பங்கு குடுத்தனுப்பினேனே."

எஃபிக்கு அழுகை வந்துவிட்டது. நவம்பரில் கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். வேலை போன இந்த மூணு வாரத்தில் என்னை நினைத்துப் பார்த்தது நீங்கள் மட்டும்தான் என்று லியாண்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

வேஷக்காரர் எழுந்தார். கையுறைக் கையை ஹெட்லியின் தலையில் வைத்தார். அந்தக் கையில் எடையே இல்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:

"சரி."

கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போய்விட்டார்.

ஹெட்லி குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்ததும் முகம் கழுவினாற்போல் ஆகிவிட்டது. "மன்னிச்சுட்டான் எஃபி! பாத்தியா? ஒரு வார்த்தை திட்டல. மனுஷன்னா அவன்தான் மனுஷன்!"

"நல்லது. கோட்டை மாட்டு" என்றாள் எஃபி. "கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய் இதையே சொல்லு. லியாண்டர் போற படகு காலையில ஏழு மணிக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா?"

"நஷ்டப்பட்டவனே சரின்னுட்டான். நடுவுல கமிட்டி யாரு?" ஹெட்லி அந்தக் கேக்கை எடுத்துக் கடித்தார், ரம்மையும் ஒரே மடக்கில் குடித்தார். "அவன் பெரிய மனசோட முடிச்ச விஷயத்தை நாம கிளறினா, அது அவனுக்குப் பண்ற அவமரியாதை."

எஃபி ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். பேருந்து வேலை போனால் இவர்களும் ஆல்பர்ட்டாவுக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும். "அவனுக்கே சரின்னா..." என்று இழுத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இழுத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ப்ரைடி வந்தாள், தலையெல்லாம் பனி, முகமெல்லாம் சிரிப்பு. அடுப்போரம் பார்த்தாள், மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன் ப்ரைடி" என்றார் ஹெட்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "லியாண்டர்! பன்னெண்டாவது வருஷமும் நான்தான்."

"வெளையாடாத ஹெட்லி, எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றாள் ப்ரைடி. "மத்தியானம் பூரா உக்காந்து நாலு பேரும் வைக்கோல் அடைச்ச பொம்மை அது!"