ஏனண்ணையும் திட்டு வாங்கும் கதிரையும்

கண்டியில் இனி ஒருவரும் ‘ஏன்’ என்ற சொல்லைத் தேடி அலைய வேண்டாம். இருந்ததையெல்லாம் எங்கள் அலுவலகத்து ஏனண்ணை ஒருவரே பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். கடைகளின் விற்பனை விவரங்களைக் கணினியில் போட்டு அலசி, எந்தக் கடை ஓடும், எது படுக்கும் என்று சொல்லுகிற எங்கள் சின்ன டேட்டா கம்பனியில் அவர்தான் டீம் லீடர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஏனண்ணைதான்.

ஒருமுறை கண்டி ரோட்டில் கடுகண்ணாவை என்ற ஊரின் ஏற்றத்தில் நாங்கள் வந்த பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. பயணிகளெல்லாம் டிரைவரைப் பிடித்துக் கிழிக்க, இவர் நடுவில் புகுந்தார். “ஆளைப் பேசாதேங்கோ. பஸ் ஏன் நிண்டது?” சூடாகிவிட்டதாம். “ஏன் சூடானது?” தண்ணீர் இல்லையாம். “ஏன் இல்லை?” அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், இவரும் கண்டக்டரும் இன்னும் ரோட்டோரத்தில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலையும் முடிந்தபின் ‘ரெட்ரோ’ என்றொரு கூட்டம் உண்டு. எது சரியாக நடந்தது, எது பிழைத்தது என்று எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். பல இடங்களில் அது ஒருவரையொருவர் போட்டுக்கொடுக்கிற திருவிழா. ஏனண்ணை அதற்கொரு வழி வைத்திருந்தார். நடுவில் யாரும் உட்காராத ஒரு வெறுங்கதிரை. அதுதான் பிழை. அதை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். மனிதர் பெயர் மட்டும் வாயில் வரக்கூடாது. சொன்னவர் எல்லாருக்கும் பேக்கரி ரோல்ஸ் வாங்கித் தர வேண்டும்.

முதல் நாள் நான் சிரித்தேன். அடுத்த ரெட்ரோவில் நானே எழுந்து நின்று, “அடேய், ஒன்னாலதாண்டா இவ்வளவும்!” என்று கதிரையை உண்டு இல்லை என்று ஆக்கினேன். என்ன சுகம் தெரியுமா! வீட்டிலும் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மனைவி வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் பேக்கரி விவகாரம் வந்தது. ஒரு முதலாளிக்கு பிலிமத்தலாவையில் ஒரு கடை, கடுகண்ணாவையில் ஒரு கடை. மழைக்காலத்தில் கடுகண்ணாவையில் வியாபாரமே இல்லை, மூடிவிடலாம் என்று அறிக்கை கொடுத்தோம். எழுதியவள் கோகிலா. தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மழை பெய்தால் அங்கே கரண்ட் போய்விடுமாம். கையால் பில் எழுதி, மறுநாள் அதை பிலிமத்தலாவை மெஷினில் அடிப்பார்களாம். அந்த வியாபாரமெல்லாம் மற்றக் கடையின் பெயரில் ஏறியிருந்தது.

கொழும்பிலிருந்து டைரக்டர் கிளம்பி வந்தார். ஆளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பத்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கோகிலா காலையிலேயே மேசை லாச்சியைக் காலி பண்ணிவிட்டாள். பாவம், வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் தம்பி படிக்கிறான்.

நாங்கள் ரெட்ரோவுக்கு உட்கார்ந்திருந்த நேரம் டைரக்டர் விறுவிறுவென்று உள்ளே வந்து, காலியாக இருந்த ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

“யார் செஞ்சது? பேர் சொல்லுங்க.”

“பேர் சொன்னால் ரோல்ஸ் வாங்கித்தர வேணும் சேர்,” என்றார் ஏனண்ணை, வெகு மரியாதையாக. “அதோட, நீங்கள் இருக்கிறது பிழையின்ரை கதிரை.”

“பரவாயில்ல. ஆரம்பிங்க!”

“கோகிலா, தொடங்கும் பிள்ளை. கதிரையைப் பாத்துச் சொல்லும்.”

எப்படியும் போகப்போகிறோம் என்ற துணிச்சலோ என்னவோ, அவள் நேராகக் கதிரையைப் பார்த்தே சொன்னாள். “கடைய ஒருக்கா போய்ப் பாத்துட்டு எழுதுறேன்னு கேட்டேன். விடல.”

“ஏன் விடேல்லை?”

“வேன் குடுக்கலங்க.”

“ஏன் குடுக்கேல்லை?”

“ரிப்போட் ஒடனே வேணும், கட கடையா சுத்தத் தேவையில்லன்னு கொழும்புல இருந்து மெயில் வந்திச்சி.”

“கொழும்பில ஏன் அப்பிடி எழுதினது?”

டைரக்டர் மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பெயரை, முழுப் பெயரையும், தானே சொன்னார்.

சட்டம் சட்டம்தானே! ரோல்ஸ் கடுகண்ணாவைக் கடையிலிருந்தே வந்தது. கோகிலாவின் வேலையும் நிரந்தரமானது. கடையை நேரில் பார்க்காமல் இப்போது நாங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

ஏனண்ணையின் மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. போன மாதம் அவரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டார். நல்ல விஷயம்தான், மனிதர் எத்தனை காலம் கடைச் சோறு சாப்பிடுவது? கடைசி ரெட்ரோ வந்தது. வழக்கம்போல நடுவில் கதிரையைப் போட்டுவிட்டு, “இண்டைக்கு என்ன பிழை?” என்று கேட்டார்.

கோகிலாதான் கதிரையைப் பார்த்துச் சொன்னாள். “நீங்க போறதுதாண்ணே.”

நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்கவேயில்லை.