எங்க ஊட்டுக்காரரின் ஒத்தை இங்கிலீசு

ஏனுங்க, உங்க ஊட்டு ஆம்பளை எப்பவாவது ஒத்தை வார்த்தையைக் கையில புடிச்சுக்கிட்டு, "இனிமே மம்பட்டி தொடமாட்டேன்"னு கிளம்பினதுண்டா? இல்லையா? அப்ப நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க ஊட்டுக்காரர் செல்லமுத்து கிளம்பினார்.

வைகாசிக் கடைசியில மிளகு மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு மலையிறங்கி, காளப்பநாயக்கன்பட்டி சந்தைக்குப் போனார். திரும்பி ஏறி வரும்போது தலையில உப்பு மூட்டை இருக்கும்னு வாசல்ல நின்னேன். ஆள் வந்தார், நடை வந்தது, உப்பு வரவில்லை.

"உப்பு எங்கீங்க?"

"ரைட்!"

"அது என்னங்க?"

"இங்கிலீசு."

"உப்புக்கு இங்கிலீசா?"

"எல்லாத்துக்கும் இங்கிலீசு, இருசாயி. எல்லாத்துக்கும்!"

சேந்தமங்கலத்து பஸ் வந்து திரும்புற இடத்தில், நாளெல்லாம் கண்டக்டர் பக்கத்துல உக்காந்திருக்கிறார் மனுசன். அந்தக் கண்டக்டர் இந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் அத்தனை பெரிய பஸ்சை ஓட்டறாராம். டிரைவர் சும்மா சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறாராம்.

"சோத்துக் கை எது? ரைட். பஸ் கிளம்பணுமா? ரைட். கணக்கு நேரா வந்துச்சா? ரைட். கம்பு சாயாம நிக்குதா? ரைட். உனக்குச் சேர வேண்டியது ஒன்னை நீ விடாம நின்னு கேக்குறே பாரு, அதுவும் ரைட்டு. ஒடம்பு சௌக்கியமா? அதுக்கும் இதேதான். முன்னால மட்டும் 'ஆல்'னு ஒரு வாலு ஒட்டிக்கணும்."

"வாலு பின்னாலதானுங்க இருக்கும்?"

"நம்மூரு வாலு பின்னால. இங்கிலீசு வாலு முன்னால."

நானும் மூணாங்கிளாஸ் வரை படிச்சவள். சும்மா விடுவேனா? "இந்த வேலையெல்லாம் செய்ய வேற வார்த்தையே இல்லீங்களா அவங்ககிட்ட?"

"ஏன் இல்லை? எஸ்ஸுன்னு ஒன்னு, கரெக்டுன்னு ஒன்னு, குட்டுன்னு ஒன்னு. எல்லாம் பங்காளிக. ஆனா சொத்துபத்து பூரா ரைட்டு பேர்லதான் இருக்கு."

"பங்காளின்னா சண்டை வருமே?"

"அதான் நான் மூத்தவனோட நிறுத்திக்கிட்டேன்."

பாருங்க, சோம்பலுக்குக்கூட என்ன அழகா நியாயம் சொல்றார்!

அன்னையிலிருந்து எங்க ஊட்டுல வேற பேச்சே இல்லை. பால் பொங்குதுன்னா ரைட். பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சுன்னாலும் ரைட். ஆடு அவரைப் பந்தலில் பூந்துருச்சுங்கன்னா, ஆட்டைப் பார்த்து ஒரு ரைட். அதுவும் கண்டக்டர் சொல்லைக் கேட்ட பஸ்சு மாதிரி உள்ளே போய்க்கிட்டே இருக்கும்.

இதெல்லாம் பெரிசில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான். கூரை.

எங்க ஊடு புல்லுக் கூரை. போன மழைக்கே முகட்டில் கீறல். என் மகள் பாப்பாத்தியை வடக்கு மூலையில் தூளி கட்டிப் போட்டால் வடக்கே ஒழுகும். தெற்கே மாத்தினால், மழைக்கு யார் சொல்லிவிட்டாங்களோ, தெற்கே ஒழுகும். நனைஞ்சு நனைஞ்சு பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டி, அந்த மழைக்காலம் பூரா என் தோளிலேயே தூங்கினாள். இந்த ஆனி மழை விழறதுக்குள்ள புதுக்கூரை மேயணும். புல்லை நானே அறுத்து, காயவெச்சு, கட்டுக் கட்டாக் கொல்லையில் அடுக்கிட்டேன். பட்டியில யார் ஊட்டுக் கூரைக்கும் பிள்ளையை இடுப்பில் கட்டிக்கிட்டுப் போய்ப் புல்லுச் சுமந்திருக்கேன். எனக்கு வர ஆள் இருக்கு. ஆனால் கூப்பிடணுமே?

எங்க பட்டியில் கூரை வேலைக்கு வாயால யாரும் கூப்பிடறதில்லை. ஊட்டு ஆம்பளை முகட்டில் ஏறி நிக்கணும். அதுதான் அழைப்பு. அதைப் பார்த்ததும் அவங்கவங்க கையிலிருக்கிற வேலையைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க. ஏறின ஆள், முகடு மூடி கடைசி முடிச்சுப் போடற வரைக்கும் இறங்கக்கூடாது. இறங்கினால் அந்த ஊட்டுக் கூரை நிக்காதுன்னு ஒரு பேச்சு. நான் ஏறலாம்னா, பொம்பளை முகட்டில் ஏறினால் அது ஆம்பளை இல்லாத ஊடு. கல்லுக்குண்டு மாதிரி அவர் இருக்கும்போது நான் எப்படி ஏற?

"ஏனுங்க, கூரை மேயணுமே?"

"ரைட்."

"நாளைக்கு ஏறறீங்களா?"

"ரைட்."

நாளை வரும். அவர் பலா மரத்தடியில் படுத்திருப்பார். நாளெல்லாம் வெயிலில் முகட்டில் குந்தியிருக்கணும், களியைக்கூடக் கயித்துல கட்டித்தான் மேலே அனுப்புவாங்கன்னு அவருக்குப் பயம்.

"ரைட்டுன்னு சொன்னீங்களே?"

"ரைட்டுன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். செய்யறேன்னு யார் சொன்னா?"

அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. அந்த வார்த்தைக்குள்ள எத்தனை அர்த்தம் இருந்தாலும், என் கூரைக்கு ஆகற அர்த்தம் அதில் ஒன்னுகூட இல்லை.

இந்த நேரத்தில் காடு அளக்கிற வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் எங்க பட்டி வழியா வரப்போறார்னு சேதி வந்தது. எங்க ஊட்டுக்காரருக்கு ரெக்கை முளைச்சிட்டது.

"துரைக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும். இந்த மலையிலேயே இங்கிலீசு தெரிஞ்சவன் யாரு?"

"நீங்கதானுங்க."

"துரை கேப்பாரு, நான் ரைட்டும்பேன். காக்கிச் சட்டை குடுப்பாங்க. அப்புறம் நமக்கு எதுக்குப் புல்லுக் கூரை? ஓட்டு ஊடு! ஆனா அந்தக் குப்புசாமிப் பய முந்திக்குவான் போலிருக்கு. துரைக்குன்னு ஒரு வாழைத்தாரைப் பழுக்க வெச்சிருக்கான்."

குப்புசாமி பக்கத்து ஊட்டு அத்தாயியின் புருசன். அத்தாயி எனக்கு உசிருக்கு உசிரு. அவள் ஊட்டுக் கூரையும் என் கூரைக்கு அக்கா மாதிரிதான், இன்னும் பெரிய ஓட்டை. குப்புசாமிக்கு மட்டும் கூரைன்னு சொன்னாலே இடுப்பு வலி வந்திடும்.

துரை வர்ற அன்னிக்குக் கருக்கலிலேயே எழுந்து பெரிய பானையை அடுப்பில் ஏத்தினேன். கேழ்வரகுக் களி. பக்கத்து அடுப்பில் மொச்சைக் குழம்பு.

"என்ன இது, ஊருக்கே ஆக்குறவளாட்டம்?" என்றார்.

"துரைன்னா தனியாவா வருவாருங்க? கூட ஆளு அம்பு வருமில்ல?"

"ரைட்!" என்று மெச்சிக்கிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைத் தலைப்பாகை சுத்திக்கிட்டு வாசலில் நின்னார். எட்டி எட்டிப் பார்த்தார். பலா மரம்தான் தெரிஞ்சது.

"என்னங்க பார்க்கறீங்க?"

"துரை வாறாரான்னுதான்."

"இங்கிருந்து எப்படித் தெரியும்? குப்புசாமி அண்ணன் ஊடு மேட்டுல இருக்கு. அவருக்குத்தான் முதல்ல தெரியும். வாழைத்தாரோட ஓடுவாரு பாவம்."

அவர் முகம் சுருங்கிச்சு. மேலே பார்த்தார். கூரையைப் பார்த்தார். நான் உடனே கையைப் பிசைஞ்சேன்.

"ஐயோ, அங்கெல்லாம் வேண்டாமுங்க. மூங்கில் வழுக்கும். முன்னே மாதிரி வயசா உங்களுக்கு?"

"என்ன வயசு? யாருக்கு வயசு? எடு ஏணியை!"

"வேண்டாமுங்க மாமா…"

"எடுங்கறேன்!"

புருசன் சொல்லைத் தட்டலாமா? எடுத்துச் சாத்தினேன். விறுவிறுன்னு ஏறினார். முகட்டு மூங்கிலில் கால் வெச்சு நிமிர்ந்து நின்னார். காலை வெயிலில் அந்த வெள்ளைத் தலைப்பாகை பட்டி பூராவுக்கும் தெரிஞ்சது. போதாக்குறைக்கு, தூரத்துல பாதை கண்ணில் பட்ட சந்தோசத்தில், "ரைட்! ரைட்!"னு தொண்டை கிழியக் கத்தினார்.

இங்கிலீசு ரைட்டுக்கு எத்தனையோ அர்த்தம் இருக்கட்டும். எங்க பட்டியில் ஆம்பளை முகட்டில் நின்னால் அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

அத்தாயி எடுத்தாள் பாருங்க ஒரு குலவை! அந்தப் பக்கம் இருந்து காத்தான் ஓடி வர்றார், இந்தப் பக்கம் இருந்து கண்ணாயி ஓடி வர்றாள். நார்க் கயிறு வருது, அரிவாள் வருது. கொல்லையிலிருந்த புல்லுக் கட்டு கை மாறிக் கை மாறி மேலே போகுது.

"இருசாயி! என்னடி இதெல்லாம்?"

"கூரைங்க. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்? துரையைப் பார்க்க ஏறினேன்! ஏணியைப் பிடி, இறங்கறேன்!"

"ரைட்டுங்க!" என்றேன்.

ஏணியை எடுத்துக்கிட்டுப் போய்ப் பின்பக்கம் புல்லு ஏத்தறவங்களுக்குக் குடுத்திட்டேன். ரைட்டுன்னா கேட்டுக்கிட்டேன்னுதானே அர்த்தம்? செய்யறேன்னு யார் சொன்னா?

அவர் காலைத் தொங்கவிட்டு இறங்கப் பார்த்தார். கீழேயிருந்து காத்தான் அதட்டினார். "ஏப்பா செல்லமுத்து, மூடாம இறங்காதே! பச்சைப் புள்ள தூங்கற ஊடு!" மனுசன் முகட்டுக் கீறல் வழியாத் தூளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலை மேலே இழுத்துக்கிட்டார். வேட்டியை மடிச்சுக் கட்டினார். ஒருக்கா கையில புல்லு பட்டிட்டா அவர் வேலைக்கு இந்த மலையில ஈடு கிடையாது. அது அவருக்கே மறந்து போனதுதான் என் கஷ்டம்.

உச்சி வெயிலில் துரை வந்தார். சிவந்த முகம், பெரிய தொப்பி, பின்னால் டவாலிப் பட்டை போட்ட ஒரு சேவகர். எங்க கூரையைப் பார்த்து அப்படியே நின்னுட்டார். எங்க ஊட்டுக்காரர் வாயில் நார், கையில் கயிறு, தலைப்பாகை பூரா தூசி. துரை மேலே பார்த்து ஏதோ கேட்டார்.

நாரைத் துப்பிட்டு, "ரைட்!" என்றார் இவர்.

துரைக்கு முகம் மலர்ந்தது. இன்னும் ஏதோ கேட்டார்.

"ஆல் ரைட்!" வாலும் சேர்ந்துக்கிச்சு.

துரை சிரிச்சுக்கிட்டே தொப்பியைத் தொட்டுட்டு நடந்தார். எங்க ஊட்டுக்காரர் முகட்டில் நெளிஞ்சார். "யோவ் சேவகரே, துரை என்ன சொன்னாரு? என்னைக்கு வந்து சேரச் சொன்னாரு?"

"நாளைக்கே வரணும்பா. கேம்புக் கொட்டாய்க்கு இதே மாதிரி கூரை போட்டுக் குடுப்பியான்னு கேட்டாரு, ரைட்டுன்னுட்டே. குதிரைக் கொட்டாய்க்கும் சேர்த்துப் போடுவியான்னாரு, அதுக்கும் ஆல்ரைட்டுன்னுட்டே."

கீழே எழுந்த சிரிப்பில் தூளியில் இருந்த பாப்பாத்தி முழிச்சுக்கிட்டு, அவளும் சிரிச்சாள். குப்புசாமியின் வாழைத்தார் துரைக்குப் போய்ச் சேரவே இல்லை. கூரை வேலைக்காரங்க பசியில் அது எப்பவோ தீர்ந்து போச்சு. எங்க ஊட்டுக்காரருக்குக் களியும் ரெண்டு பழமும் கயித்தில் கட்டி நானே மேலே அனுப்பினேன்.

"உப்பு இல்லையேடி குழம்புல?"

"நீங்க வாங்கிட்டு வந்த உப்புதானுங்க அது!"

பொழுது சாய மேற்கே இடி உருண்டது. கடைசி முடிச்சு விழவும் முதல் தூறல் விழவும் சரியா இருந்தது. உள்ளே ஓடிப் போய்த் தூளிக்கு மேலே கையை நீட்டிக்கிட்டு நின்னேன். வடக்கே ஒழுகலை. தெற்கே ஒழுகலை. பாப்பாத்தி விரலைச் சப்பிக்கிட்டுத் தூங்கிட்டாள்.

வெளியே வந்தால், மேலேயிருந்து ஈனக் குரல். இங்கிலீசு ஒரு சொட்டுக்கூட அதில் இல்லை.

"இருசாயி… கண்ணு… சாமி… அந்த ஏணியைக் கொஞ்சம் சாத்தும்மா. நனையறேன்."

சாத்தினேன். பாவம், நாளைக்குத் துரை கேம்பில் ஏறணுமே! பாதி ஏணி இறங்கியிருப்பார். மீந்த கயித்தைச் சுருட்டிக்கிட்டு அத்தாயி கீழே வந்து நின்னாள். தன் ஊட்டு ஓட்டைக் கூரையை ஒரு தரம் பார்த்தாள். பலா மரத்தடியில் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற குப்புசாமியை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் மேலே பார்த்து, ரொம்பப் பணிவாக் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த இங்கிலீசை எங்க ஊட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க!"