நாலு பாயிண்ட் காற்று

வருகிற ஆடி இரண்டாவது சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகக் கொல்லம் வரை போய், கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் திரும்புவது என்று பால்வண்ணநாதன் முடிவெடுத்தபோது மணி காலை பதினொன்று. கேட்டுத் திடுக்கிட வீட்டில் யாரும் இல்லை. ஆகவே அந்த வீர முடிவைச் சாயந்திரம் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். இடையில் இரண்டு முறை காப்பி போட்டார். இரண்டையும் அவரே குடித்தார்.

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஊரான் வயலையெல்லாம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு டூரிங் வண்டி வாங்கினார். மலையேற, நாடு சுற்ற என்றே செய்த வண்டி. நல்ல உயரம். அதில் ஏற வாசற்படியைத் துணைக்கு வைத்துக்கொள்வார். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு.

மனைவி கல்யாணசுந்தரிக்கு ஆலங்குளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. காலை எட்டேகால் பஸ், சாயந்திரம் ஆறரை பஸ். கூடவே போய்வர மூன்று சிநேகிதிகள். பஸ் முழுக்க ஒரே சிரிப்பாம். வீட்டிலோ பகல் முழுக்கச் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். அதுவும் இடையிடையே நின்றுவிடும்.

வண்டி வந்த அன்றைக்கு நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கல்யாணசுந்தரி பின்சீட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஆசையாகக் கேட்டாள்.

"என்னங்க, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு உக்கார?"

அன்றைக்கு அவர் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்கு உக்காரணும்? இது டூரிங் வண்டி. தனியா ஓட்டுததுக்குன்னே செஞ்சது. உனக்குத்தான் பஸ் இருக்குல்லா."

"அப்படியா" என்றாள். ஒரே வார்த்தை. தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு ஒன்றரை மாதமாக அந்தச் சீட்டை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

சொன்னது தப்பு என்று மறுநாள் காலை எட்டு இருபதுக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தப்பு என்று வாய்விட்டுச் சொல்வதற்குப் பதிலாகக் கொல்லத்துக்கே போய்விடலாம் என்று தோன்றும் ரகம் அவர். அவளாக வந்து "நானும் வாரேன்" என்று கேட்க வேண்டும். கேட்டால் கொஞ்சம் பிகு செய்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். திட்டம் அவ்வளவுதான்.

"சுந்தரி, சனிக்கிழமை நான் கொல்லம் போறேன்."

"சரி." அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வண்டில."

"சரி."

"தனியா."

"அது தனியா போற வண்டிதானே."

"ஆரியங்காவு மலைப்பாதை. மழை நேரம். பாறை உருளும். யானை வரும்னு சொல்லுதாங்க."

"வந்தா வழி விட்டுட்டுப் போங்க."

கொல்லம் எடுபடவில்லை. அடுத்து டயர் வழியாக மடக்கப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம். பின் டயர்ல, ஒரு ஆளுன்னா இருபத்தொம்பது பாயிண்ட் காத்து. ரெண்டு ஆளுன்னா முப்பத்திமூணு. கொல்லத்துக்கு எதுல வைக்க?"

"எத்தனை பேரு போறீய?"

"அதான் யோசிக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தலைய எண்ணிப் பாருங்க."

எண்ணினார். "ஒண்ணு."

"அப்ப இருபத்தொம்பது. முப்பத்திரெண்டு வருஷம் நிலத்த அளந்திருக்கீய, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உண்மையில் அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். வண்டியின் செயின் மூடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எப்போதும் இருபத்தைந்து. பின் டயருக்கு மட்டும் இரண்டு வரி: ஒருவர், இருவர். ஒருவர் போகும்போது முப்பத்துமூன்று இருந்தால் பின்சக்கரம் பந்து மாதிரி குதிக்கும், ஈர ரோட்டில் வழுக்கும். இருவர் போகும்போது இருபத்தொன்பது இருந்தால் டயர் அமுங்கி வளைவில் வண்டி ஆடும். தனியாளுக்கும் துணையோடு போகிறவனுக்கும் நடுவே வெறும் நாலு பாயிண்ட் காற்று. தினமும் காலையில் துடைக்கிற சாக்கில் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு எழுந்திருப்பார். இத்தனை கிட்டத்தில் இருக்கிற ஒன்றை எட்ட முடியவில்லையே என்று அவருக்கு ஆற்றாமையாக இருக்கும்.

தினமும் வண்டி முப்பத்துமூன்றோடு வாசலில் தயாராக நிற்கும். எட்டு மணிக்குக் கல்யாணசுந்தரி பையோடு வெளியே வருவாள். அவர் வண்டியை உறுமவிடுவார்.

"நான் பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் போறேன்."

"சரி, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தே போவாள்.

தெருமுனை திரும்பும்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே ஆனைப்பாலத்துப் பக்கம் மாரிச்செல்வத்தின் பஞ்சர் கடைக்குப் போவார். நாலு பாயிண்டை இறக்கிக்கொள்வார். அளவு என்று வந்துவிட்டால் அவருக்குச் சமரசம் கிடையாது. பிறகு குற்றாலம் போய்விட்டு மத்தியானம் திரும்பும்போது, மறுநாள் காலைக்காக நாலு பாயிண்டை ஏற்றிக்கொண்டு வருவார்.

"அண்ணாச்சி, காலைல இறக்குதீய, மத்தியானம் ஏத்துதீய. மனுசனுக்குத்தான் பிரஷர் ஏறி இறங்கும். டயருக்குமா?" என்று மாரிச்செல்வம் ஒருநாள் கேட்டான்.

"உனக்கு என்னடே தெரியும்? இது டெக்னிக்கல்."

மாரிச்செல்வத்தின் மனைவி ஸ்ரீதேவி ஆலங்குளத்தில் தையல் கடையில் வேலை பார்க்கிறாள். எட்டேகால் பஸ்ஸில் கல்யாணசுந்தரிக்குப் பக்கத்து சீட்டு. இது பால்வண்ணநாதனுக்குத் தெரியாத விஷயமில்லை. யோசிக்காத விஷயம்.

குற்றாலத்தில் சாரல் அந்த வருடம் குறைவில்லாமல் அடித்தது. ஐந்தருவிக்குப் போகிற வழியெல்லாம் தலையில் துண்டு கட்டிய குடும்பங்கள், நேந்திரம் சிப்ஸ் வாசம், மிளகாய் பஜ்ஜிப் புகை. பால்வண்ணநாதன் வண்டியை நிறுத்திவிட்டு, தோளில் துண்டோடு அருவியைப் பார்த்தபடி நிற்பார். குளிக்க மாட்டார். குளிக்க ஆசையில்லாமல் இல்லை. அருவியில் குளிக்க யாருடைய துணையும் வேண்டாம். சட்டை, கடிகாரம், செல்போன், சாவியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். முப்பது வருடமாக அந்த ஆள் கல்யாணசுந்தரி. "போதும் வாங்க, சளி பிடிக்கும்" என்று அவள் கத்துவாள். கத்துவது கேட்கவில்லை என்று சாடை காட்டிவிட்டு இன்னும் பத்து நிமிடம் நிற்பார். அதில்தான் குளியலின் ருசியே இருந்தது. இப்போது அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் போதும் என்று சொல்ல ஒரு ஆத்மா இல்லை.

ஒரு டீ குடிப்பார். தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுமா என்று பார்ப்பார். எல்லா முகமும் வேறொரு முகத்தோடு பேசிக்கொண்டிருக்கும்.

சாயந்திரம் வீட்டில் அவர் சொல்கிற கதை வேறு. "இன்னைக்கு ஐந்தருவியில நல்ல தண்ணி. ஒரு மணி நேரம் நின்னு குளிச்சேன். தனியா போனா அதான் சௌகரியம்." கல்யாணசுந்தரி அவர் கொண்டுவந்த துண்டை எடுப்பாள். அலமாரியில் வைப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். மாரிச்செல்வம் வழக்கம்போல் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"வேண்டாம்டே. இருபத்தொம்பதே இருக்கட்டும்."

"ஏத்தலியா அண்ணாச்சி?"

"நாளைக்குக் கொல்லம். ஒரு ஆளுதான்."

சொல்லிவிட்டு, மாரிச்செல்வம் குழாயைச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கல்யாணசுந்தரி சொன்னாள். "நாளைக்கு எனக்கு ஒரு ஜோலி இருக்கு. நீங்க எந்திரிச்சுக் குளிக்கும்போதே கிளம்பிருவேன். புளியோதரை கட்டி வச்சிட்டுப் போறேன். வீட்டப் பூட்டிட்டுப் போங்க."

வழியனுப்பக்கூட நிற்க மாட்டாளாம். அவர் ரசத்தை இரண்டாம் முறை கேட்காமலே எழுந்துவிட்டார்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. வண்டியின் பக்கப் பெட்டியில் ஒரு பெரிய தூக்குவாளி. தூக்கிப் பார்த்தால் கனம். ஒருத்தனுக்கு இவ்வளவா? நம் மேல் அக்கறை இருக்கத்தான் செய்கிறது என்று அதில் ஒரு சின்ன ஆறுதல். வாசற்படி உதவியோடு ஏறினார். கிளப்பினார்.

தெருமுனை வேகத்தடையில் வண்டி துள்ளியது. அடுத்த பள்ளத்தில் குதித்தது. வேறு யாருக்காவது இது ரோட்டின் குற்றமாகத் தெரிந்திருக்கும். ஒன்றரை மாதமாக ஒரே டயரைப் படித்தவர் அவர். உட்காருகிற இடமே அவருக்கு அளவு சொல்லிவிட்டது. நேரே ஆனைப்பாலத்துக்குப் போய்ச் சட்டைப்பையிலிருந்து அளவுமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். முப்பத்துநாலு. ஓடிவந்த சூட்டுக்கு ஒன்றைக் கழித்தால் முப்பத்துமூன்று.

"மாரிச்செல்வம்! என் டயர்ல எவன்டே காத்தடிச்சது?"

"நான்தான் அண்ணாச்சி. நீங்க குளிச்சிக்கிட்டு இருக்கும்போது கைப்பம்போட வந்தேன்."

"யாரக் கேட்டு?"

"மதினிதான் ரெண்டு ஆளுக்கு அடிக்கச் சொன்னாவ. ஐந்தருவி பஸ் நிக்கிற இடத்துல இருப்பாவளாம். உங்களுக்கு வண்டி குதிக்கும், குதிச்சா இங்கனதான் வருவீய, அப்ப சொல்லுன்னாவ."

ஐந்தருவி வரைக்கும் வண்டி குதித்துக்கொண்டேதான் போனது. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் கல்யாணசுந்தரி நின்றிருந்தாள். கையில் புத்தம் புது ஹெல்மெட்.

"கொல்லத்துக்கு இங்கன சுத்தியா போவாங்க?"

"காத்து கூடுதலா இருந்துச்சு."

"அப்படியா."

அதே அப்படியா.

"இந்தக் காத்துல ஒரு ஆளு போக முடியாது, சுந்தரி."

"மாரிச்செல்வத்துக்கிட்டச் சொல்லி இறக்கிக்கிட வேண்டியதானே. தினம் இறக்குததுதானே."

பால்வண்ணநாதனுக்கு எட்டேகால் பஸ் இப்போதுதான் மண்டைக்குள் வந்து நின்றது. "எல்லாம் தெரியுமா?"

"தெரியாம? ஒரு மணி நேரம் அருவியில குளிச்ச துண்டு, மடிப்புக் கலையாம அந்துருண்டை வாசத்தோட வீடு வந்து சேருது. நானும் ஒன்றரை மாசமாப் பாக்கேன், என்னைக்காவது வாயத் தொறந்து கேப்பீயளான்னு."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலையில் மிச்சமிருந்த கொஞ்சம் முடியும் நனைந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கு ஒருத்தனாப் போகப் பிடிக்கல. ஒருத்தனா வீட்டுல இருக்கவும் பிடிக்கல. காப்பி போட்டா ரெண்டு டம்ளர் ஆயிருது. நீ ஏறு, சுந்தரி."

கல்யாணசுந்தரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புட்டுக் காத்து மிச்சம்" என்றாள். பிறகு புது ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள். "ஏறுதேன். கொல்லம் அடுத்த சனிக்கிழமை. கடல்ல நானும் கால நனைக்கணும். இன்னைக்கு நாங்க குளிக்கணும்."

"நாங்கன்னா?"

டீக்கடைக்குள்ளிருந்து எட்டேகால் பஸ் சிநேகிதிகள் மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் ஸ்ரீதேவி. அவளுக்குப் பின்னால் சமீனா. அவளுக்கும் பின்னால், பஜ்ஜியை மென்றுகொண்டே லோகநாயகி.

"எப்ப வந்தாலும் எங்கள்ல ஒருத்தி துணிமணியப் பாத்துக்கிட்டுக் குளிக்காமலே நிப்பா. யாரு நிக்கன்னு சண்டைதான். இன்னைக்கு அந்தக் கவலை இல்ல" என்று சொல்லிக் கைப்பையை நீட்டினாள் கல்யாணசுந்தரி. மேலே கடிகாரத்தை வைத்தாள். அதற்கு மேல் செல்போனை வைத்தாள். "இங்கனயே நில்லுங்க. தூக்குவாளி பத்திரம். அஞ்சு பேருக்குக் கட்டுனது."

"அண்ணாச்சி, இதையும்" என்றாள் ஸ்ரீதேவி.

"இந்தக் குடையும் அண்ணாச்சி" என்றாள் சமீனா. லோகநாயகி பையோடு பாதி பஜ்ஜியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நான் எப்ப குளிக்க?" என்று அவர் கேட்டது அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கேட்கவில்லை என்று கல்யாணசுந்தரி சாடை காட்டினாள்.

கால்மணி நேரம் கழித்து, "போதும் வாங்க, சளி பிடிக்கும்!" என்று பால்வண்ணநாதன் ஒருமுறை கத்திப் பார்த்தார். பதிலுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பின்சீட்டில் நான்கு கைப்பை, மூன்று கடிகாரம், நான்கு செல்போன், இரண்டு குடை, அரை பஜ்ஜி. பழக்கதோஷத்தில் குனிந்து பின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். இவ்வளவு பாரத்துக்கு முப்பத்துமூன்று சரியான அளவுதான்.