பட்டை போட்ட ஜீப்பு

முதலில் முனகல்தான் வரும். முட்டி தேய்ந்த கிழவன் படியேறுவது மாதிரி, க்ரீ... ஈச்... என்று. அதைக் கேட்டதுமே தெருவில் நிற்கிறவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அப்புறம்தான் திருப்பத்தில் யாகப்பனின் ஜீப்பு தெரியும். மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் மண்ணைத் தேய்க்கும்.

சங்கராபரணிக் கரையில் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு மழைக்காலத்தில் வேறு வண்டி போகாது. நாலு சக்கரமும் இழுக்கிற அந்த ஜீப்பு போகும். ஆகவே ஊரில் உயிர் போனால் முதல் போன் சாமியாருக்கு, இரண்டாவது யாகப்பனுக்கு. டீசல் ஊற்றினால் போதும், கூலி வாங்கமாட்டான். அவன் வேலை பார்த்த மில்லு மூடிப் பதினோரு வருசம் ஆகிறது. அவனை 'அண்ணே' என்று கூப்பிட ஊருக்கு மிச்சமிருந்த ஒரே காரணம் சாவுதான்.

அவன் மனைவி ஆனி மேரிக்கு அதுதான் தொண்டையில் முள். மகள் கிரேஸ் மேரிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம், வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்துப் பக்கத்தில் விசாரித்து, "பொண வண்டி வூடா?" என்று காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டது. மூன்றாவது கூட்டம் தையில் பாகூரிலிருந்து வருகிறது. வண்டியை விற்றுத் தொலை என்று அவள் அழுதாள், கெஞ்சினாள், இரண்டு நாள் உலை வைக்கவில்லை.

"என் பொணமும் அதுலதான் போவணும்" என்றான் யாகப்பன்.

"போவட்டும். அவ கல்யாணம் முடிஞ்ச மறுநாள் போ."

ஐப்பசியில் ஜீப்பின் பின்பட்டைகள் சுத்தமாக உட்கார்ந்துவிட்டன. அச்சின் மேல் அடுக்கடுக்காக, வில்லைப் போல வளைந்திருக்க வேண்டிய இரும்பு, பள்ளிக்கூட ஸ்கேல் மாதிரி நேராகிக் கிடந்தது. வில்லியனூர் மெக்கானிக் டேவிட் ராஜ் அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வழிகளைச் சொன்னான். யாகப்பன் வீட்டுக்கு வந்து ஒப்பித்தான்.

"பட்டை போட்டாத்தான் நிமிருமாம்."

"பட்டை போட்டா மனுசனே சாயறான். வண்டி எப்புடி நிமிரும்?"

"சாராயம் இல்லடி. இரும்புப் பட்டை."

பழசையே காய்ச்சி அடித்து வளைக்கலாம், ஆறு மாதத்தில் மறுபடி உட்காரும். கூட ஒரு பட்டை சொருகலாம், இரண்டு அங்குலம் ஏறும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம், பிரேக் அடித்தால் முறுக்கும். இல்லாவிட்டால் மொத்தமும் புதுசு, அதில் ஒரு பட்டை கூடுதல், பட்டையை அடிச்சட்டத்தில் மாட்டுகிற ஷேக்கிளும் நீளமானது.

ஆனி மேரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல எது ரொம்ப ஒசரம்?"

"கடைசி. முக்கா அடி ஏறும்னான்."

"அதையே போடு. அரகொறையா இன்னாத்துக்கு?"

சீட்டு எடுத்த பணத்தைக் கையில் வைத்தாள். யாகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்பது வருசம் கழித்துத் தன் மனைவி தன்னைப் புரிந்துகொண்டாள் என்று நம்பினான். ஆண்பிள்ளைக்கு இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது.

ஜீப்பு சத்தமில்லாமல் வந்து வாசலில் தேர் மாதிரி நின்றது. யாகப்பனே கம்பியைப் பிடித்துத் தொற்றித்தான் ஏறினான். நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று வெளியே சொல்ல முடியாத காத்திருப்பு.

ஐந்தாம் நாள் கோயில் உபதேசியார் செத்துப்போனார். கனத்த சரீரம். தூக்க வந்தவர்கள் நாலு பேர், அதில் இளையவருக்கே அறுபத்தொன்று. வயசுப் பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருந்தார்கள். முன்பு சவப்பெட்டியை இடுப்பளவு தூக்கி அப்படியே தள்ளிவிடுவார்கள். இப்போது ஜீப்பின் தளம் நெஞ்சுக்கு நின்றது. முதல் தம்மில் முடியவில்லை. இரண்டாவதில் தலைப்பக்கம் மட்டும் ஏறியது, உள்ளே உபதேசியார் 'தொப்'பென்று கால்பக்கம் சரிந்தார்.

அவர் சம்சாரம் மெதுவாகச் சொன்னாள். "எறக்குங்கப்பா. உசுரோட இருந்தப்பவே அவரு அவ்ளோ ஒசரம் ஏறமாட்டாரு."

முழங்கால் சேற்றில் தோளிலேயே சுமந்துபோனார்கள். ஏழு இடத்தில் இறக்கி வைத்தார்கள். பின்னாலேயே காலி ஜீப்பு, நாலு சக்கரமும் இழுக்க, துக்கத்துக்கு வந்த தூரத்து உறவுக்காரன் போல ஊர்ந்துகொண்டு போனது. அடுத்த வாரம் இன்னொரு சாவு. இரண்டாவது போன், தாழ்வான டிரெய்லர் வைத்திருக்கிற டிராக்டர்காரனுக்குப் போனது.

அன்று சாயங்காலம் யாகப்பன் வீட்டுத் தோட்டத்துப்பக்கம் சுவரோரமாகத் தேடினான். ஆனி மேரி கெளுத்தி மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"கழட்டுன பழைய பட்டைய இங்கதான வச்சேன். எங்கடி? அதையே திரும்ப மாட்டிடலாம்."

"நல்ல இரும்புன்னாரு ஆசாரி. அருவாமணை அடிச்சுக் குடுத்துட்டாரு." அவள் நிமிரவில்லை. காலடியில் புது அலகு பளபளத்தது. "மிச்சத்துல இன்னும் ரெண்டு சொல்லியிருக்கேன். கிரேசுக்குச் சீர் வைக்க."

யாகப்பன் குனிந்து அந்த அலகைப் பார்த்தான். "மேரி, பெட்டி ஏறாதுன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"பதினோரு வருசமா வாசல்ல நின்னு பாக்கறேன். ஒனக்கு வண்டிய தெரியும். எனக்குத் தூக்கறவங்கள தெரியும்." மீன் வழுக்கியது. "சாம்பல் எடுத்துட்டு வா."

அவன் அடுப்பங்கரையிலிருந்து சாம்பலை அள்ளிவந்து பக்கத்தில் வைத்தான். அவள் விரலைத் தோய்த்துக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.