அரை மெக்கானிக்கும் ஒரு பழைய இன்டர்கூலரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வேனை முந்தினார். நடந்தே முந்தினார்.

சகலையின் வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. பாதி ஏற்றத்தில் வேன் இரைந்தது, இருமியது, பிறகு நகர மறுத்தது. பாரத்தைக் குறைக்க மனைவி இறங்கினாள். மாமியாரும் இறங்கினார். இறங்கிய மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, சகலை வீட்டு வாசலை அடைந்து, ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்து முடித்த பிறகுதான் வேன் வந்து சேர்ந்தது. மாடியில் நின்று வேடிக்கை பார்த்த சகலை சும்மா இருந்தாரா?

"அடடே, வாங்க அத்தை! வண்டியையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

வேனை ஓட்டி வந்தவருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவருக்குத் தெருவில் 'அரை மெக்கானிக்' என்று பெயர். உண்மையில் வேலை ஒரு பெயின்ட் கம்பெனி ஸ்டோரில். ஆனால் கை எப்போதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டு அழைப்பு மணி என்று எதைக் கொடுத்தாலும் கழற்றிவிடுவார். திரும்ப மாட்டத்தான் வேறு ஆள் வரவேண்டும். அதனால்தான் அரை.

வீடு திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"அடுத்த மாசம் இதே மேடு. இதே வேன். ஒருத்தரும் இறங்க மாட்டீங்க. இன்டர்கூலர் மாட்டப் போறேன்!"

தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து மனைவி தலையைத் தூக்கவில்லை. "அது என்னது, ஃப்ரிட்ஜா?"

"ஐயோ! டர்போன்னு ஒண்ணு இருக்கு. அது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. அமுக்கினா காத்து சூடாகும். சூடானா லேசாயிடும். லேசான காத்தைத் தின்னா இன்ஜினுக்குப் பலம் ஏது? அதான் நடுவுல ஒரு இன்டர்கூலர். காத்தை ஆற வெச்சு ஊட்டும்."

"இத்தனை வருஷமா ஆற வெக்காமத்தானே தின்னுச்சு?"

"இப்ப வயசாயிடுச்சு இல்ல."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு தோணுதுங்க. ஏத்தத்துல மிதிக்கறப்போ 'உஸ்'ஸுன்னு ஒரு சத்தம் வருது. முன்னெல்லாம் வராது."

"அது டர்போ மூச்சு விடுது."

"நம்ம குக்கர் காஸ்கெட் கிழிஞ்சப்பவும் இதே சத்தம்தான் வந்துச்சு. எங்கியோ ஓட்டை இருக்கு. தெருமுனை மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்."

அரை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். டர்போவைப் பற்றிப் பேசினால் குக்கரைக் கொண்டுவந்து வைக்கிறாளே! அதுகூடப் பரவாயில்லை. தெருமுனை மெக்கானிக்கை அவள் 'முழு மெக்கானிக்' என்று கூப்பிடுவது காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

"குக்கரையும் டர்போவையும் ஒண்ணாப் பேசாதே. எவனும் என் வண்டியில கை வெக்கக் கூடாது!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மனைவி திரைச்சீலை தைத்து வீடுகளுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கிறவள். லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் வேனின் சாவி மட்டும் அவள் கைக்கு வந்ததில்லை. 'இந்த கிளட்ச் என் காலுக்குத்தான் பழக்கம்' என்பார் கணவர். அவருக்கு ஒழிந்த நேரத்தில்தான் திரைச்சீலை வீடு போய்ச் சேரும். அவருக்கோ ஒழிந்த நேரமெல்லாம் வேன் நாலு பாகமாகத் தரையில் கிடக்கும். தைத்த மூட்டைகள் சோபாவில் உட்கார்ந்திருக்க, வீட்டு மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சரி, பந்தயம். உங்க இன்டர்கூலர் எங்களையெல்லாம் உச்சிக்கு ஏத்திவிட்டா, வண்டி ஓட்டறேன்னு நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். ஏத்திவிடலேன்னா சாவி எனக்கு. பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்ப பேச்சு மாறியிருக்கேன்?"

"அம்மா, கேட்டுக்கோ."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார் மாமியார் துணி மடித்துக்கொண்டே.

மறுநாளே பழைய இரும்புக் கடையிலிருந்து இன்டர்கூலர் வந்து இறங்கியது. ஏதோ ஒரு லாரியில் இருந்ததாம். கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்துவிட்டார். அலமாரிக் கதவு அகலத்துக்கு இருந்தது.

"இது நம்ம வண்டிக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"லாரியையே இழுத்தது. நம்ம வேனைத் தூக்கி எறிஞ்சிடும்!"

"மொதல்ல உள்ளே நுழையட்டும்."

நுழையவில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் துருத்தியது. வெல்டிங் பட்டறையில் அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த காதுகளை அறுத்தார்கள். இன்டர்கூலரில் குழாய் மாட்டும் இரண்டு வாய்களும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அறுத்துத் திருப்பி ஒட்டினார்கள். அப்போதும் இடம் போதாமல் ஹாரனைக் கழற்றினார். பம்பரில் பாதியை வெட்டினார். மனைவியின் டேப்பை வைத்து மறுபடி மறுபடி அளந்துதான் பொருத்தினார். ஆனால் அளந்ததெல்லாம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. பொருத்தி முடித்த பிறகு பானெட் மூடவில்லை.

செலவில்லாமல் முடிப்பதுதான் திறமை என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு வீடு பலியானது. இன்டர்கூலரைத் தாங்க இரும்புப் பட்டை வேண்டியிருந்தது. கூடத்து ஜன்னலின் திரைக் கம்பி போனது. ஊருக்கே திரை மாட்டுகிறவள் வீட்டு ஜன்னல் அம்மணமாக நின்றது. வளைந்த குழாய் கிடைக்கவில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒன்று வளைந்தே இருந்தது.

"என்னங்க, பாத்திரம் கழுவின தண்ணியெல்லாம் என் கால்ல ஊத்துது!"

"ஒரு வாரம் பொறுத்துக்கோ. வாளி வெச்சுக்கோ."

"வாளி எங்க?"

வாளியில் கழிவு எண்ணெய் இருந்தது.

சனிக்கிழமை வெள்ளோட்டம். முற்றத்தில் நிறுத்திய வேனை முடுக்கி ஆக்சிலரேட்டரை மிதித்தார். 'உஸ்' என்றது. இன்னும் மிதித்தார். 'டமால்' என்று தொட்டிக் குழாய் பிடுங்கிக்கொண்டு பறந்து, மாமியார் அலசி வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் நடுவே போய் விழுந்தது. விரிப்பெல்லாம் கறுப்பு எண்ணெய்.

மாமியார் குழாயை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "மாப்ளே, இது உங்களுதா, தொட்டியோடதா?"

"வெச்சிருங்க அத்தை, வேணும்."

அவர் சளைக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். மூடாத பானெட்டைக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து இழுத்துக் கட்டினார். ஏழெட்டு முடிச்சு. மாமியார் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் ஆணிகளைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது மருமகனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அலுவலகம் போன பிறகுதான் வேன் சாவி இல்லாததைக் கவனித்தார். பதறிக்கொண்டு வீடு வந்தால், மாமியார் நீட்டினார்.

"துவைக்கப் போட்ட பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு மாப்ளே. நனையாம எடுத்து வெச்சேன்."

"இந்த வீட்டுல பொறுப்புள்ள ஆள் நீங்க ஒருத்தர்தான் அத்தை" என்றார் மருமகன், மனைவியின் காதில் விழும்படி. மனைவி தையல் மெஷினைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞாயிறு காலை சிவப்புக் கோடு போட்ட சாக்ஸைக் காணவில்லை. வெற்றி விழாவுக்கு ஷூ போட்டுப் போகலாம் என்றிருந்தார். கட்டில், பீரோ, துணி மூட்டை எல்லாம் புரட்டினார்.

"செருப்புப் போட்டுட்டு வாங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி.

"பானெட்டை ஒரு தடவை திறந்து பார்த்துடறேன்."

"அந்த முடிச்சை அவுத்துக் கட்டறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். கட்டினது கட்டினபடிதானே இருக்கு?"

கட்டினபடிதான் இருந்தது. மனைவி திரைச்சீலை மூட்டைகளையும் பின்னால் ஏற்றிவைத்தாள். கிளம்பினார்கள். மேட்டின் அடிவாரம் வந்ததும் அரை மெக்கானிக் அண்ணாந்து உச்சியைப் பார்த்தார். சாவி போனால் போகட்டும். சகலை மாடியில் நிற்பாரே! பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

வேன் ஏறியது. சும்மா ஏறவில்லை, ஜம்மென்று ஏறியது. போன தடவை படுத்துக்கொண்ட இடத்தை அலட்சியமாகக் கடந்தது. முன்னால் போன ஒரு காரையும் முந்தியது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பார்த்தியா! பார்த்தியா! 'உஸ்' சத்தம்கூட இல்ல! குளிர்ந்த காத்துடி, குளிர்ந்த காத்து!"

"ஆமாங்க, சத்தமே இல்ல."

"குக்கராம், காஸ்கெட்டாம்! இனிமே சாவின்னு ஒரு வார்த்தை உன் வாயில வரக் கூடாது!"

"சொன்னது சொன்னதுதான்" என்றாள் அவள்.

உச்சியில் சகலை வாயைப் பிளந்துகொண்டு மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். ஹாரன் இல்லாததால் நம்மவர் வாயாலேயே "பாம், பாம்" என்று அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"சகலை! என்ன மாயம் பண்ணீங்க? புது வண்டி மாதிரி வருது!"

"எல்லாம் நம்ம கைதான். லாரி இன்டர்கூலர். அறுத்து, திருப்பி, ஒட்டி, நானே மாட்டினது. காத்து உள்ள சூடாப் போகும், வெளிய ஜில்லுன்னு வரும். ஒத்தை ஆளா!"

"காட்டுங்க, பார்க்கணும்!"

"என்னங்க, திறந்து காட்டுங்க" என்றாள் மனைவி. "எந்தக் குழாய் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு அத்தானுக்கு விளக்கமாச் சொல்லுங்க."

அரை மெக்கானிக் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மேடையில் திரை விலக்குகிறவர் போல பானெட்டைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

இன்டர்கூலர் இருந்தது. கம்பீரமாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு குழாயும் வரவில்லை, அதிலிருந்து ஒரு குழாயும் போகவில்லை. டர்போவிலிருந்து இன்ஜினுக்கு நேராக, கறுகறுவென்று, புத்தம் புதிய ரப்பர் ஹோஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இன்டர்கூலரின் இரண்டு வாய்களிலும் ஏதோ துணி அடைத்திருந்தது. சிவப்புக் கோடு போட்ட துணி.

சகலை நெருங்கி வந்தார். இவர் பானெட்டைப் பாதி இறக்கி நெஞ்சால் மறைத்துக்கொண்டார். "கிட்ட வராதீங்க சகலை! கொதிக்குது!"

"ஜில்லுன்னு இருக்கும்னீங்க?"

"உள்ளதான் ஜில்லு. வெளிய கொதிக்கும்."

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் பரம சாந்தம்.

"இது எப்ப?" என்று பல்லுக்குள் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. பழைய ஹோஸ் கையகலம் கிழிஞ்சிருந்துச்சாம். முழு மெக்கானிக் அரை மணி நேரத்துல மாத்திட்டார். உங்க குழாயையெல்லாம் கழட்டித் தொட்டியில மாட்டியாச்சு."

"வண்டியை அவன்கிட்ட யார் கொண்டு போனது?"

"கிளட்ச் ரொம்ப நல்லாப் பழகிச்சுங்க."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்துவதற்கு வழியில்லை. மூன்றடி தள்ளிச் சகலை நின்று, "என்ன பேசிக்கிறீங்க? எனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி வலது கையை மெதுவாக நீட்டினாள். "இன்டர்கூலர் ஏத்திவிட்டா சாவி உங்களுக்குன்னு பேச்சு. ஏத்திவிட்டுச்சுன்னு நீங்க சொன்னா, பானெட்டை முழுசாத் திறந்து அத்தான்கிட்டயே கேட்டுடலாம். இல்லேன்னா..."

அரை மெக்கானிக் சகலையைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். அந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சாவியை அதில் வைத்தார்.

"என்ன சகலை, சாவியை அங்க குடுத்துட்டீங்க?"

"இவ்வளவு பவர் ஏத்தின வண்டியை யார் வேணா ஓட்டலாம் சகலை. அதான்" என்றார், பானெட்டுக்கு மறுபடி ஏழெட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே. மனைவியும் தன் பங்குக்கு, "எப்பவும் அவருக்கு என்மேல நம்பிக்கை ஜாஸ்தி அத்தான்" என்று சொல்லி வைத்தாள்.

மாலையில் இறக்கத்தில் அவள்தான் ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லை. பின் சீட்டில் திரைச்சீலை மூட்டைகளுக்கு நடுவில், மாமியாருக்குப் பக்கத்தில், அரை மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழியிலேயே ஒரு வீட்டில் மூட்டையை இறக்கிவிடலாம் என்று அவள் சொன்னபோதும் வாய் திறக்கவில்லை. சகலைக்கு விஷயம் தெரியாது. தனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மட்டும் மானம் பிழைத்தது என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

மாமியார் அவர் தோளைத் தொட்டார்.

"வீட்டுக்குப் போனதும் அந்தக் கொடிக்கயித்தையும் சாக்ஸையும் அவுத்துக் குடுங்க மாப்ளே, அடைக்கறப்பவே பார்த்தேன், ரெண்டும் ஒரே அழுக்கு."